அளக்காத சுவர்

அகல்யா அக்கா,

நாளைக் காலையில் இரண்டு இன்ஜினியர்கள் வந்து எங்கள் தானிய டிப்போவில் ஒரு சுவரைப் பார்க்கப் போகிறார்கள். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர்கள் சொல்லிவிட்டால் அப்பாவுக்கு வேலை போய்விடும். அது சரியப் போகிறது என்று அப்பாவிடம் சொன்னது நான். என் பேச்சை நம்பித்தான் அவர் கதவைத் திறந்து உள்ளே இருந்த கோதுமையை வெளியே ஓடவிட்டார். அன்றைக்கு மாலையே மழை கொட்டி எல்லாம் நனைந்துவிட்டது.

அம்மா பெரியம்மாவிடம் போனில் "ஒண்ணுமில்ல, ஆபீஸ் தொந்தரவு" என்று சொன்னாளே, அது இதுதான். எல்லாரும் படுத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னிடம் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ டெல்லி வந்தபோது நாங்கள் மோதி பாக்கில் இருந்தோம். இந்த டிப்போ குவார்ட்டர்ஸ் உனக்குத் தெரியாது. அப்பா இங்கே மேனேஜராக வந்த பிறகு கேட்டுக்கு உள்ளேயே வீடு கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கோதுமைத் தூசி, லாரி ஹாரன், புறா. நடுவில் ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய கிடங்கு. மூட்டை தூக்குகிறவர்கள் அதை 'லம்பா' என்பார்கள், நீளமாக இருப்பதால். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்கு ரேஷன் வைக்கக் கட்டியதாம். வாசலுக்கு மேலே ஒரு கல் பதித்திருக்கிறது. அதில் ஆண்டு மட்டும் தெரிகிறது. மீதி எழுத்தை வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு மூடிவிட்டது. நாடு பிரிந்தபோது அகதிகள் உள்ளே தங்கியிருந்தார்கள் என்றும், தூண்களில் இருக்கும் கொக்கிகள் அவர்கள் குழந்தைகளுக்குத் தூளி கட்டியவை என்றும் ஒருவர் சொல்வார். இல்லை, அது தராசு மாட்டியது என்று இன்னொருவர் சொல்வார். எனக்குத் தூளிதான் பிடித்திருக்கிறது.

நான் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போகிறேன் என்று சொன்னேன் இல்லையா. பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைந்து வைத்திருந்தால் காலேஜ் இன்டர்வியூவில் மதிப்பார்கள் என்று கோச்சிங் மேடம் சொன்னார். அதனால் ஏப்ரலில் லீவு விட்டதும் லம்பாவை எடுத்துக்கொண்டேன். யாரும் நின்று பார்க்காத கட்டடம் அது. பார்க்கப் பார்க்க எனக்கு அதன்மேல் ஒரு பித்துப் பிடித்துவிட்டது.

கூரையைப் பார்த்தால் பீப்பாய்களைப் பாதியாக வெட்டி வரிசையாகக் கவிழ்த்தது போல் இருக்கும். தரை லாரியின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டியது. மூட்டையை முதுகில் வாங்கியவன் ஒரு படி ஏற வேண்டாம், குனிந்தபடியே நேராக உள்ளே போகலாம். அந்த மேடையைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் கல் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே ஏறுகிற எலி அதில் தலையை இடித்துக் கீழே விழும். ஜன்னலே கிடையாது. கூரைக்கு அடியில் கம்பி வலை போட்ட காற்றுத்துளைகள் மட்டும். கூரையின் பாரம் முழுக்கத் தூண்கள்மேல். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் நிற்கிற சுவர் எதையுமே தாங்கவில்லை. மழையையும் எலியையும் திருடனையும் மறைக்கிற ஒரு திரை, அவ்வளவுதான்.

அது போதும், ஏனென்றால் அது மூட்டைகளுக்காகக் கட்டிய இடம். மூட்டைகளைச் செங்கல் வைப்பதுபோல் மாற்றி மாற்றி அடுக்குவார்கள். அடுக்கு தன் காலிலேயே நிற்கும், சுவரில் சாயாது. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்துபோகிற சந்து. அந்தக் கோட்டை யாரும் தாண்டி அடுக்கி நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் கோதுமை ஏகமாக வந்தது. சாக்கு வரவில்லை. லாரிகள் வெளியே சாலை வரை நின்றன. ஒருநாள் ராத்திரி அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சேஷன் சார் போன் செய்தார். அவர் அப்பாவுக்கு மேலதிகாரி. அப்பாவுக்குக் கை எச்சில், அதனால் ஸ்பீக்கரில் போட்டார். நானும் அம்மாவும் பக்கத்தில் இருந்தோம்.

"ஓய் அருள்மணி, லாரியெல்லாம் இன்னும் நிக்கறதாமே. மேலேர்ந்து நேக்குன்னா போன் வரது. சாக்கு வர்றச்சே வரட்டும். லம்பாவிலே லூஸாக் கொட்டிடும்."

"சார், அது மூடை அடுக்குத கட்டடம். லூஸாக் கொட்டுனா சொவத்த தள்ளும்லா சார்."

"எண்பது வருஷமா நிக்கறது. உம்ம டர்ன்லதான் விழப்போறதாக்கும்?"

"எழுத்துல ஒரு ஆர்டர் மாதிரி குடுத்தியன்னா..."

"கொடுக்கலாங்காணும், கொடுக்கலாம். முதல்ல கொட்டும்."

போன் வைத்த பிறகு அப்பா வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "குழம்பு ஊத்தாம என்னத்த பிசையிதிய?" என்றாள் அம்மா.

மறுநாளே கொட்ட ஆரம்பித்தார்கள். கதவில் பலகைகளைக் குறுக்காக அடுக்கி அடைத்துக்கொண்டு, மேலே இருந்து பெல்ட்டில் கோதுமையை உள்ளே விட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்களின் தலைவர் பிரேம்சிங்குக்கு ஒரே சந்தோஷம். "மதராஸி சாப் எங்க முதுகுக்கு லீவு விட்டுட்டார்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். கோதுமை மஞ்சள் கோட்டை மூடியது. சந்து நிறைந்தது. அப்புறம் சுவரில் ஏறியது. எழுத்தில் ஆர்டர் மட்டும் வரவே இல்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவின் கைப்பிடியை வரைவதற்காக நான் அங்கே போனேன். கிழக்கு மேடையில் நிழல். சுவரை ஒட்டி மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிந்திய கோதுமையைப் பெருக்கி எடுக்கிற பெண்கள் இரண்டு பேர் சுவரில் முதுகைச் சாய்த்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். "ஆ ஜா பேட்டி" என்று ஒருத்தி என்னைக் கூப்பிட்டுப் பாதி ரொட்டியை நீட்டினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா நிமிர்ந்து பார்த்தேன். ஓரத்திலிருந்து மூன்றாவது சுவர் எனக்கு வயிறு மாதிரி வெளியே தள்ளித் தெரிந்தது.

பையில் நூல் இருந்தது. நான் அளக்கிற முறை இதுதான்: ஒரு தூணின் முகத்திலிருந்து அடுத்த தூணின் முகத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து சுவர் எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்று ஸ்கேலால் பார்ப்பது. மூன்றாவது சுவரில் வைத்துப் பார்த்தேன். என் படத்தில் ஒரு சாண் உள்ளே இருந்த சுவர் இப்போது நூலுக்கு நாலு விரல் பக்கத்தில் வந்திருந்தது. ஓரமாக, தூணை ஒட்டி, மேலிருந்து கீழே ஒரு விரிசல்.

அந்தப் பெண்களை எழுந்திருக்கக்கூடச் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினேன்.

"அப்பா, செவுரு வெளியே வந்திருக்கு. பக்கா. நான் அளந்திருக்கேன், ஏப்ரல்ல இப்படி இல்ல."

அப்பா லுங்கியோடு வந்தார். நூலைப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றார், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. என் படத்தைப் பார்த்தார்.

"இது நீ அளந்து போட்டதா?"

"ஆமாப்பா."

"நல்லா தெரியுமாட்டி?"

"தெரியும்ப்பா."

அக்கா, இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. கிழக்குப் பக்கம் தூணுக்கும் தூணுக்கும் நடுவில் ஒன்பது கட்டங்களாகச் சுவர் இருக்கிறது. பார்த்தால் ஒன்பதும் ஒன்று போலவே இருக்கும். நான் முதல் கட்டத்தை மட்டும் அளந்தேன். மீதி எட்டையும் அதே மாதிரி வரைந்துவிட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வோம், வெயில் வேறு. மூன்றாவது சுவரை ஏப்ரலில் நான் தொட்டதே இல்லை. அது கட்டின நாளிலிருந்தே வயிறு தள்ளித்தான் நின்றதோ என்னவோ. எனக்குத் தெரியாது. ஆனால் அப்பா கேட்டபோது என் வாய் "தெரியும்" என்று சொல்லிவிட்டது. அந்த நிமிடம் நானும் அதை நம்பினேன், சத்தியமாக.

அப்பா முதலில் எல்லாரையும் எழுப்பி மேடையிலிருந்து இறக்கினார். கயிறு கட்டினார். சேஷன் சாருக்குப் போன் போட்டார், அவர் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார், எடுக்கவில்லை. அதற்குள் கயிற்றுக்குக் கீழே நுழைந்து பெருக்குகிற பெண்கள் திரும்ப வந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் லாரிகள் நின்றன, நிழலுக்காக டிரைவர்கள் லாரிக்கு அடியில் படுத்திருந்தார்கள். ஒருத்தனை எழுப்பினால் இன்னொருத்தன் படுக்கிறான்.

"பிரேம்சிங், பல்லா நிகாலோ" என்றார் அப்பா. கதவுப் பலகைகளை எடு என்று.

பிரேம்சிங் சிரிக்கவில்லை. "சாப்ஜி, மழை வரும்னு ரேடியோவுல சொல்றான். வெளியே விட்டா கோதுமையை எங்கே வைக்கிறது?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"தார்ப்பாய் போட்டு மூடலாம். சொவரு விழுந்தா ஆளத் தோண்டி எடுக்கணும்வே" என்று அப்பா பாதித் தமிழிலும் பாதி ஹிந்தியிலும் சொன்னார். பிரேம்சிங்குக்கு அது புரிந்தது.

மேலே இருந்து ஒவ்வொரு பலகையாக உருவினார்கள். மூன்றாவது பலகை வந்ததும் கோதுமை தானாகவே வர ஆரம்பித்தது. மேடையை மூடி, தண்டவாளத்தை மூடி, லாரிச் சக்கரங்கள் வரைக்கும் வந்தது. அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. நான் கண்டுபிடித்தேன், ஆட்களைக் காப்பாற்றினோம் என்று.

சாயங்காலம் ஆந்தி அடித்தது. டெல்லி புழுதிக்காற்று உனக்குத் தெரியாது, கையை நீட்டினால் கை தெரியாது. தார்ப்பாய்கள் பறந்துவிட்டன. பிரேம்சிங்கும் அப்பாவும் ஒரு தார்ப்பாயின் மேல் குப்புறப் படுத்து அமுக்கினார்கள். பின்னாலேயே மழை. விடிய விடிய.

மறுநாள் சேஷன் சார் வந்தார். பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு ஈரக் கோதுமையில் கால் புதையப் புதைய நடந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"என்ன காரியம் பண்ணிட்டீர்? ஆளை விலக்கிக் கயிறு கட்டினாப் போறாதோ?"

"கட்டினேன் சார். நிக்க மாட்டேங்காவ. ஒங்களுக்குப் போன் போட்டேன்."

"ஞாயித்துக்கிழமை ஆத்துல ஹோமம். போனை எங்கே பாக்கறது?" அவர் மூன்றாவது சுவரைப் பார்த்தார். "இது எப்பவுமே இப்படித்தான் இருந்ததோ என்னமோ. யாருக்குத் தெரியும்?"

அப்பா உள்ளே வந்து என் படத்தை எடுத்துப்போய்க் கொடுத்தார். "எம்மக ஏப்ரல்ல அளந்துருக்கா சார். பாருங்க. அப்ப சொவரு நேரா இருந்துருக்கு."

சேஷன் சார் படத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் குரல் மாறியது. "பேஷ். பொண்ணு ஜோரா வரைஞ்சிருக்காளே. அருள்மணி, என்கொயரி வரும். வெளியிலேர்ந்து இன்ஜினியர் வருவா. இந்தப் படம்தான் உம்மைக் காப்பாத்தும், பத்திரமா வெச்சுக்கும். சுவர் பழசு, திடீர்னு நகர்ந்துது, ஆளைக் காப்பாத்த நீர் திறந்தீர். அவ்வளவுதான். லூஸாக் கொட்டச் சொன்னது யாருன்னு மட்டும் வாயைத் திறக்கப்படாது. புரிஞ்சுதா?"

அப்பா தலையை ஆட்டினார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நனைந்த கோதுமை முளைவிட்டு, டிப்போ முழுக்கப் புளித்த வாடை. உள்ளே கோதுமை இறங்கிய பிறகும் சுவரின் வயிறு அப்படியே இருந்தது. "வெளிய வந்த செங்கல் திரும்பிப் போவாதுட்டி" என்றார் அப்பா. முதலிலிருந்தே அப்படி இருந்தாலும் அப்படியேதானே இருக்கும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் "எங்க மானசா இல்லன்னா எத்தன உசிரு போயிருக்கும்" என்று சொன்னபோது நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இன்றைக்கு மாலை வெயில் தாழ்ந்ததும் தனியாக லம்பாவுக்குப் போனேன். விரிசலைக் கிட்டத்தில் பார்த்தால் ஏதாவது தெரியுமா என்று. மொபைல் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். புது விரிசல் என்றால் உள்ளே செங்கல் சிவப்பாக, சுத்தமாக இருக்க வேண்டும் இல்லையா? உள்ளே வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு. போன வருடம் தீபாவளிக்கு முன்னால் வெள்ளையடித்தார்கள். அந்தச் சுண்ணாம்பு உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. அதாவது விரிசல் அதற்கும் முன்பே இருந்திருக்கிறது. கோதுமை வருவதற்கு வெகுநாள் முன்பே.

நாளை வருகிறவர்களும் டார்ச் அடிப்பார்கள்.

மேடையில் பழைய பெட்டியிலிருந்து பிடுங்கிப்போட்ட நீள ஆணி ஒன்று கிடந்தது. நான் அதை எடுத்தேன். விரிசலுக்குள் விட்டுச் சுரண்டினேன். சுண்ணாம்பு செதில் செதிலாக என் கையில் விழுந்தது. உள்ளே சிவப்புத் தெரிந்தது. எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா. ஒரு முழம் சுரண்டிவிட்டேன்.

"என்னட்டி செய்யுத?"

அப்பா பின்னால் நின்றார். அவர் விரிசலைப் பார்த்தார், என் உள்ளங்கையில் இருந்த வெள்ளையைப் பார்த்தார். கிடங்கிலேயே வாழ்க்கையைக் கழித்தவர், நான் விளக்க வேண்டியதில்லை. ஆணியை என் கையிலிருந்து வாங்கினார். அறைவார் என்று நினைத்தேன்.

அவர் ஆணியை விரிசலில் வைத்து, நான் விட்ட இடத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தார்.

அக்கா, எனக்கு அவ்வளவு பயம் அதற்கு முன்னால் வந்ததில்லை. பேங்க் க்யூவில் யாராவது முன்னால் போகச் சொன்னால்கூடப் போகாத மனிதர். தீபாவளிக்குக் கான்ட்ராக்டர் அனுப்பிய காஜு கத்லியைத் திருப்பி அனுப்பி அம்மாவிடம் திட்டு வாங்கியவர். அவர் மூச்சு வாங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துச் சுரண்டுகிறார்.

"அப்பா, வேணாம்ப்பா."

"பேசாம இரு. அங்க ஆள் வருதான்னு பாரு."

"அப்பா, நான் அந்தச் செவுர அளக்கவே இல்லப்பா."

ஆணி நின்றது.

"ஃபர்ஸ்ட் ஒண்ண மட்டும்தான் அளந்தேன். மீதி எல்லாம் சேம்னு போட்டுட்டேன். ஏப்ரல்ல இது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஸாரிப்பா. நீங்க கேட்டப்ப தெரியும்னு சொல்லிட்டேன்."

அப்பா மேடையில் உட்கார்ந்தார். நான் அழுதேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆணியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஒரு ரயில் போய் முடிந்தது.

"நீ சொன்னதுக்காக மட்டும் நான் பலகைய எடுக்கலட்டி" என்றார் பிறகு. "லூஸாக் கொட்டுன அன்னியிலேந்து எனக்கு ஒறக்கம் கெடயாது. இந்தச் சொவரு இதுக்குக் கெட்டுனது இல்லன்னு எனக்குத் தெரியும்லா. எப்ப விழும், எப்ப விழும்னு இருந்தேன். நீ வந்து சொன்னதும், அப்பாடா, ஒரு காரணம் கெடச்சிட்டுன்னு தொறந்துட்டேன். ஒன்னய நல்லா விசாரிச்சிருந்தா நீ சொல்லியிருப்ப. நான் விசாரிக்கல."

"அப்ப செவுரு விழுந்திருக்குமா, விழுந்திருக்காதா?"

"யாருக்குத் தெரியும்? விழாமலும் நின்னுருக்கும். இனிமே அத கண்டுபிடிக்க முடியாது." அவர் எழுந்தார். "நூல் வச்சிருக்கியா?"

ஒன்பது கட்டத்தையும் அளந்தோம். நூலின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை நான். இருட்டிவிட்டது. மொபைல் வெளிச்சத்தில் ஸ்கேலைப் படித்தேன். அக்கா, ஒன்பதில் ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை. ஐந்தாவது மூன்றாவதைப் போலவே வெளியே தள்ளி இருக்கிறது. ஏழாவது உள்பக்கமாகக் குழிந்திருக்கிறது. கடைசிச் சுவரில் பாதிக்கு மேல் வேறு அளவுச் செங்கல். எத்தனை கொத்தனார்களோ, அவரவர் கைக்கு வந்தபடி கட்டியிருக்கிறார்கள். நான் இரண்டு மாதமாக ஆசை ஆசையாக வரைந்தது இந்தக் கட்டடத்தையே இல்லை. சுரண்டிய இடத்தையும் குறிக்கச் சொன்னார். "எங்கேந்து எங்க வரைக்கும் நாம சொரண்டுனோம்னு போடு. மறைக்காத" என்றார். 

வீட்டுக்கு வந்து முகம் கழுவினதும் அப்பா சேஷன் சாருக்குப் போன் செய்தார். இந்தமுறை கை எச்சில் இல்லை. ஆனாலும் ஸ்பீக்கரில் போட்டார், நாங்கள் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"சார், அந்தப் படம் தப்பு. எம்மக மூணாவது சொவத்த அப்ப அளக்கல. நாளைக்கு நான் அத காட்ட மாட்டேன்."

"என்னங்காணும் சொல்றீர்? தப்போ ரைட்டோ, கையிலே இருக்கறது அது ஒண்ணுதான்."

"விரிசலும் பழசு சார்."

"அப்போ எதுக்குத் திறந்தீர்னு கேப்பா. என்ன பதில் சொல்லுவீர்?"

"லூஸ் கோதுமைய அந்தச் சொவத்துல சாய வச்சதே தப்பு, அதனால தொறந்தேன்னு சொல்லுவேன். ஏன் சாய வச்சன்னு கேப்பாங்க. அதயும் சொல்லுவேன் சார்."

அந்தப் பக்கம் டி.வி. ஓடுவது கேட்டது. அப்புறம் சேஷன் சார் மெதுவாக, கோபமே இல்லாமல் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"எழுத்துல ஏதாவது இருக்கா ஓய்?"

"இல்ல சார்."

"நான் சொல்லவே இல்லைன்னுடுவேன், அருள்மணி. நேக்கு ரிடையர்மென்ட் கிட்டே இருக்கு. தப்பா எடுத்துக்காதீர்."

"சரி சார்."

"ராத்திரி முழுக்க டயம் இருக்கு. யோசியும். பொண்ணு காலேஜ் போற வயசு."

போன் நின்றது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. என்னை அடிப்பாள் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தப் படத்தக் காட்டுனா ஒங்களுக்கு ஒண்ணும் வராதுல்லா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"வராதுன்னுதான் நெனைக்கேன்."

"காட்டலைன்னா?"

"தெரியல சுந்தரவல்லி."

"படத்தக் காட்டுனா, நாளைக்கு அதே மாதிரி இன்னொரு எடத்துல லூஸாக் கொட்டச் சொல்லுவாவளா?"

அப்பா என் பழைய படத்தைக் கையில் எடுத்தார். "படத்தப் பாத்தா, இந்தச் சொவரு மட்டும் பழசு, மத்ததெல்லாம் தாங்கும்னு நெனைப்பாவ. கொட்டச் சொல்லுவாவ" என்றார்.

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், காய்ந்த பிறகும். "குவார்ட்டர்ஸ எத்தன நாள்ல காலி பண்ணணும்னு மட்டும் கேட்டுக்கிடுங்க" என்றாள். பிறகு தோசைக்கல்லை மறுபடி அடுப்பில் வைத்தாள்.

புதுப் படத்தை வரைந்து முடித்துவிட்டேன் அக்கா. அழகாகவே இல்லை, எல்லாச் சுவரும் கோணல். அப்பாவின் அறையில் விளக்கு எரிகிறது. ஹிந்தியில் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவில் தடுக்கி நிறுத்துகிறார், முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். கோதுமைக்கு 'கேஹூம்', சுவருக்கு 'தீவார்', அது மட்டும் எனக்குக் கேட்கிறது. காலையில் நானும் கூடப் போகிறேன். அளக்கவில்லை என்பதை நானே சொல்ல வேண்டும் என்றார் அப்பா. எந்த மொழியில் சொல்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இதைப் பார்த்ததும் போன் செய்யாதே. பெரியப்பாவிடமும் இப்போதைக்குச் சொல்லாதே.

மானசா